ஒய்ஃபைனான்ஸ்ல ரிலையன்ஸ் சார்ட்: கேண்டில் வரலைன்னா இதைப் பாருங்க

பைத்தான், ஜூபிட்டர் எல்லாம் உங்க மெஷின்ல ஏற்கெனவே ஓடுதுன்னு வெச்சுக்கறேன். பிப் போட்டு ஒய்ஃபைனான்ஸ் (யாஹூ ஃபைனான்ஸ்லேர்ந்து ஷேர் விலையை இறக்குற பைத்தான் லைப்ரரி), எம்பிஎல்ஃபைனான்ஸ் (அந்த விலையை கேண்டில் சார்ட்டா, அதாவது ஒவ்வொரு நாளோட ஓப்பன், ஹை, லோ, க்ளோஸ் விலையையும் ஒரு கட்டமா வரையிற லைப்ரரி) ரெண்டையும் இன்ஸ்டால் பண்ணிக்கோங்க. பழசு இருந்தா கண்டிப்பா அப்கிரேட் பண்ணுங்க, யாஹூ பக்கம் ஏதாவது மாறினா பழைய வெர்ஷன் டேட்டாவே தராது.

ஷேர் பேரை அப்படியே குடுத்தா வராது. என்எஸ்இ (தேசிய பங்குச் சந்தை) விலை வேணும்னா பேருக்குப் பின்னாடி டாட் என்எஸ், பிஎஸ்இ (மும்பை பங்குச் சந்தை)ன்னா டாட் பிஓ. அப்புறம் டவுன்லோட் ஃபங்ஷனுக்கு ஸ்டார்ட் தேதி 2023 ஜனவரி 1, எண்ட் தேதி 2025 ஜனவரி 1. ஏன் ஜனவரி 1னா, எண்ட்ல குடுக்கிற நாள் கணக்குல சேராது, டிசம்பர் 31 வேணும்னா அதுக்கு அடுத்த நாளைத்தான் குடுக்கணும்.

இப்போ நான் ஒரு ராத்திரி பூரா மாட்டிக்கிட்ட இடம். டேட்டா அழகா வந்துருச்சு, எம்பிஎல்ஃபைனான்ஸ்ல டைப் கேண்டில்னு போட்டு ரன் பண்ணா, ஓப்பன் காலம்ல (டேபிளோட நெடுவரிசைல) இருக்கிறது எல்லாம் ஃப்ளோட் இல்லாட்டி இண்ட்டா இருக்கணும்னு எர்ரர். டேபிள்ல பாத்தா எல்லாமே நம்பர்தான், ஒரு காலி செல்கூட இல்ல, நானும் டைப்பை மாத்திப் பாத்தேன், காலி வரிசைய தூக்கிப் பாத்தேன், ஒண்ணும் நடக்கல. கடைசியா காலம் பேரை மட்டும் பிரிண்ட் பண்ணிப் பாத்தப்பதான் புரிஞ்சுது, ஒவ்வொரு தலைப்பும் ஜோடியா இருக்கு, மேல ஓப்பன், கீழ ரிலையன்ஸ் டாட் என்எஸ். ஒரே ஒரு ஷேர் கேட்டாலும் இப்போ தலைப்பு ரெண்டு அடுக்காத்தான் வருது, அதனால ஓப்பனைக் கேட்டா ஒரு காலம் வராம குட்டி டேபிள் வருது. டவுன்லோட் பண்றப்பவே மல்டி லெவல் இண்டெக்ஸ் ஃபால்ஸ்னு (நடுவுல அண்டர்ஸ்கோர் போடுங்க) சேர்த்தீங்கன்னா தீர்ந்துச்சு.

அதுக்கப்புறம் வால்யூம் ட்ரூ, மேவ்ல 20, 50 குடுத்தா மூவிங் ஆவரேஜ் (கடைசி 20, 50 நாளோட சராசரி விலைக் கோடு) ரெண்டும் தானா வந்துரும். இதையே மேட்பிளாட்லிப்ல கையால வரையாதீங்க, லைன் சார்ட்டுக்கு அது போதும், கேண்டிலுக்கு எம்பிஎல்ஃபைனான்ஸ்தான் என் சாய்ஸ், சனி ஞாயிறு இடைவெளியையும் அதுவே மூடிடும்.

சார்ட் வந்ததும் 2024 ஜூலையைப் பாருங்க. அப்போ 3,200 ரூபாயைத் தாண்டின ஷேர் இங்க 1,600 பக்கத்துல நிக்கும். தப்பு இல்ல, 2024 அக்டோபர் 28 அன்னைக்கு ஒண்ணுக்கு ஒண்ணு போனஸ் (கையில இருக்கிற ஒவ்வொரு ஷேருக்கும் இன்னொண்ணு இலவசம்), அதுக்கு முந்தின விலையெல்லாம் பாதியாக்கித்தான் வரும். இதுக்கு மேல ஆட்டோ அட்ஜஸ்ட்னு டவுன்லோட் ஃபங்ஷன்ல ஒரு செட்டிங் வேற டிஃபால்ட்டா ஆன்ல இருக்கு, அது டிவிடெண்டையும் கழிச்சிரும். அதை ஃபால்ஸ் பண்ணா டிவிடெண்ட் கழிக்காத விலை கிடைக்கும், ஆனா போனஸ், ஸ்ப்ளிட் கணக்கு அப்பவும் அப்படியேதான் இருக்கும். அதனால உங்க கான்ட்ராக்ட் நோட்ல (புரோக்கர் தர்ற வாங்கின ரசீதுல) இருக்கிற வாங்கின விலையை இந்த சார்ட்ல கோடா போடுறதா இருந்தா, போனஸுக்கு முன்னாடி வாங்கினதை ரெண்டால வகுத்துட்டுப் போடுங்க.

அப்டேட்: படிச்சவங்க ரெண்டு பேர், ஒரு நிமிஷ கேண்டில் கிடைக்குமா, நிறைய ஷேரை ஒண்ணா இறக்கலாமான்னு கேட்டாங்க. ஒரு நிமிஷ கேண்டில் கடைசி சில நாளுக்கு மட்டும்தான் கிடைக்கும், போன வருஷத்துக்குக் கேட்டா காலி டேபிள்தான் வரும். நிஃப்டி 50 ஷேரையும் லூப் போட்டு ஒவ்வொண்ணா இழுத்தா ரேட் லிமிட் எர்ரர் (அடிக்கடி கேக்கறீங்கன்னு யாஹூ தடுக்கிறது) வரலாம், பேரையெல்லாம் ஒரே லிஸ்ட்டா குடுத்து ஒரு தடவை இறக்கி சிஎஸ்வில சேவ் பண்ணிக்கோங்க. அந்த லிஸ்ட்டுக்கு மட்டும் ரெண்டு அடுக்குத் தலைப்பை அப்படியே விட்டுருங்க, இல்லாட்டி எது எந்த ஷேரோட விலைன்னு தெரியாது.