ஓப்பன் சோர்ஸ் திட்டத்தின் தளத்தில் யாரோ புகுந்துவிட்டால்: படிப்படியாக

வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு ஓப்பன் சோர்ஸ் (கோட் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருளை நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாடகை சர்வர், வேர்ட்பிரஸ் தளம், ஒரு டவுன்லோட் பட்டன். யாரோ உள்ளே புகுந்ததும் முகப்பைச் சரிசெய்யத்தான் கை பரபரக்கும். அது கடைசி வேலை. பயனர் இறக்கிக்கொள்ளும் ஃபைல் கெட்டுப்போயிருக்கிறதா என்பதே முதல் கவலை. 2016 பிப்ரவரி 20-ல் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் வலைத்தளத்தில் புகுந்தவர்கள், 17.3 சினமன் பதிப்பின் டவுன்லோட் லிங்கை, பின்கதவு (திருட்டுத்தனமாக உள்ளே நுழைய விடும் கோட்) வைத்த ஐஎஸ்ஓவுக்கு, அதாவது நிறுவும் ஃபைலுக்கு, திருப்பிவிட்டார்கள்.

1. தளத்தை மூடுங்கள்; சர்வரை ரீபூட் செய்யாதீர்கள். செய்தால் மெமரியில் இருக்கும் தடயம் போய்விடும். ஹோஸ்டிங் பேனலின் ஃபயர்வாலில் உள்ளே வருவது, வெளியே போவது இரண்டையும் அடையுங்கள். உங்கள் ஐபிக்கு மட்டும் வழிவிடலாம் என்றால், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் அது மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், பேனலில் உள்ள கன்சோல் வழியாக நுழைவதே வசதி.

2. டிஸ்க்கை ஸ்னாப்ஷாட் (இந்த நொடியில் உள்ளபடி ஒரு பிரதி) எடுங்கள். லாக், அதாவது யார் எப்போது வந்தார்கள் என்ற சர்வரின் பதிவு, அதிலேயே வந்துவிடும். தள்ளிப்போடாதீர்கள்: டெபியன், உபுண்டு சர்வர்களில் அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருளின் லாக் இயல்பாக 14 நாள்தான் தங்கும்.

3. டவுன்லோட் ஃபைலின் ஷா256 மதிப்பை (ஃபைலின் கைரேகை மாதிரி; ஃபைல் மாறினால் அதுவும் மாறும்), வெளியிட்ட அன்று உங்கள் லேப்டாப்பில் வைத்த பிரதியின் மதிப்போடு ஒப்பிடுங்கள். தளத்தில் போட்டிருக்கும் மதிப்பை நம்பாதீர்கள். ஃபைலை மாற்றத் தெரிந்தவனுக்கு அதை மாற்ற எவ்வளவு நேரம்? ஜிபிஜி கையொப்பம் (உங்கள் ரகசியச் சாவியால் ஃபைலுக்குப் போடும் டிஜிட்டல் கையொப்பம்) இருந்தால் நிம்மதி. ஆனால் அந்தச் சாவி சர்வரிலேயே கிடந்தால் கையொப்பமும் வீண்.

4. பின்கதவைத் தேடுங்கள். வேர்ட்பிரஸின் அப்லோட்ஸ் ஃபோல்டரில் பிஎச்பி ஃபைலுக்கு வேலையே இல்லை, இருந்தால் சந்தேகப்படுங்கள். மாற்றிய தேதியைப் பார்க்கும்போது எம்டைமை (ஃபைலின் உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம்) நம்ப வேண்டாம், டச் கமாண்டால் அதைப் பழைய தேதிக்குத் தள்ளலாம். சிடைம் (ஃபைலின் விவரங்கள் மாறியதை சிஸ்டமே குறித்துவைக்கும் நேரம்) அவ்வளவு சுலபமாக ஏமாறாது. கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை), எஸ்எஸ்எச் சாவிப் பட்டியல் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய அனுமதி பெற்ற சாவிகள்), புதிதாக முளைத்த அட்மின் கணக்கு ஆகியவற்றையும் பாருங்கள்.

5. பாஸ்வேர்டுகளைச் சுத்தமான கம்ப்யூட்டரிலிருந்து மாற்றுங்கள். அவசரத்துக்கு பெரம்பூர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மாற்றினால், அங்கே கீலாகர் (தட்டும் எழுத்துகளைத் திருடும் மென்பொருள்) இருந்தால் புதுசும் போச்சு. டேட்டாபேஸ், டொமைன் கணக்கு, கோட் இருக்கும் கிட் கணக்கு எதையும் விடாதீர்கள். வேர்ட்பிரஸ் கான்ஃபிக் ஃபைலில் உள்ள சால்ட் வரிகளை (லாகின் குக்கீகளைப் பாதுகாக்கும் ரகசிய எழுத்துகள்) மாற்றினால், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களும் வெளியே தள்ளப்படுவார்கள்.

6. பழைய சர்வரைக் கழுவித் துடைத்துப் பயனில்லை. புது சர்வரில் வேர்ட்பிரஸ், ப்ளக்இன் எல்லாவற்றையும் புதிதாக இறக்குங்கள். டேட்டாபேஸை மட்டும் சோதித்துவிட்டுக் கொண்டுவாருங்கள். எந்த ஓட்டை வழியாக வந்தான் என்று லாக்கில் கண்டுபிடிக்காமல் திறந்தால், மறுபடி அதே வழியில்தான் வருவான்.

7. பயனர்களிடம் சொல்லுங்கள்: எந்த ஃபைல், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை, சரியான ஷா256 என்ன, ஏற்கெனவே நிறுவியவர் என்ன செய்ய வேண்டும். பாஸ்வேர்டு ஹாஷ் (பாஸ்வேர்டை உருமாற்றிச் சேமித்த வடிவம்) கசிந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். திட்டத்தை நிறுவனமாகப் பதிந்திருந்தால், செர்ட்-இன் (இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தகவல் போக வேண்டும். அதனால் இந்த வேலையை ஏழாவதாக வைக்காமல், ஸ்னாப்ஷாட் எடுத்த கையோடு ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.