சுவரில் மாட்டக் கற்கோடரி செய்வது எப்படி: கல் தேர்விலிருந்து காம்பு பூட்டும் வரை

வெட்டுவதற்கு இல்லாமல், பார்ப்பதற்காகவே கோடரி செய்வது மிகப் பழைய வழக்கம். ஆல்ப்ஸ் மலையின் ஜேடைட் கல்லில் செய்த கோடரிகள் புதிய கற்காலத்திலேயே பிரிட்டன் வரை போய்ச் சேர்ந்தன. இங்கிலாந்தின் சாமர்செட் சதுப்பு நிலத்தில், கி.மு. 3807 வாக்கில் போடப்பட்ட ஸ்வீட் ட்ராக் என்ற மரப்பாதையின் ஓரத்தில் அப்படி ஒன்று கிடைத்தது. அதைப் பயன்படுத்திய தடயமே இல்லை. கண்ணாடி போல் மெருகேற்றி, ஒரு மரத்தைக்கூட வெட்டாமல் வைத்திருக்கிறார்கள்.

நாம் செய்யப்போவதும் அந்த வகைதான். 12 முதல் 15 செ.மீ. நீளமுள்ள கல், அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான மரக்காம்பு, கல்லின் ஒரு முகத்தில் சின்னதாக ஒரு செதுக்கல். உளி பிடிக்கவும் அரம் போடவும் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கல்

மின்கருவி எதுவும் இல்லாதவர்கள் மாக்கல்லில் தொடங்கலாம். கத்தியாலேயே செதுக்கிவிடலாம். ஆனால் என் விருப்பம் நுண்மணிகள் கொண்ட கருங்கல், குறிப்பாக டோலரைட். கர்நாடகத்தின் பெல்லாரிக்குப் பக்கத்தில் உள்ள சங்கனகல்லில் புதிய கற்கால மனிதர்கள் கோடரிகளைக் குவியல் குவியலாகச் செய்தது இந்தக் கல்லில்தான். மெருகேற்றினால் நல்ல கறுப்பு, கொத்தினால் வெளிர் சாம்பல். அலங்கார வேலைக்கு இந்த வேறுபாடு ஒரு வரம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஏற்கெனவே தட்டையாக, ஒரு பக்கம் குறுகி இருக்கிற கூழாங்கல்லாகத் தேடுங்கள். பாதி வேலையை ஆறே செய்து கொடுத்திருக்கும். கையில் தொங்கலாகப் பிடித்து இன்னொரு கல்லால் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல கல், மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல் இருக்கலாம். அப்புறம் தண்ணீரில் முக்கி எடுத்து உலர விடுங்கள். மேற்பரப்பு காய்ந்த பிறகும் மெல்லிய ஈரக்கோடு தெரிந்தால் அது மயிரிழை விரிசல். அந்தக் கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

தூசி

இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கல்தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது, சிலிகோசிஸ் நோய்க்கு மருந்தும் கிடையாது. தேய்ப்பது, செதுக்குவது எல்லாம் ஈரத்தில்தான். கொத்தும்போது வெளியிடத்தில் உட்கார்ந்து, என்95 அல்லது அதைவிட நல்ல முகக்கவசம், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மாக்கல் மென்மையானது என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள், சில மாக்கற்களில் கல்நார் கலந்திருக்கும். கல்நார் இல்லை என்று உறுதி சொல்பவரிடம் மட்டுமே வாங்குங்கள். கழுவிய சேற்று நீரைச் சாக்கடையில் ஊற்றாமல் வாளியில் தெளிய விடுங்கள்.

கொத்துதல்

அம்மி கொத்துகிற அதே வேலை. உளிக்குப் பதில் முட்டை அளவுள்ள, கல்லைவிடக் கெட்டியான குவார்ட்சைட் கூழாங்கல்லை வைத்து நேர்செங்குத்தாகச் சின்னச் சின்ன அடிகள். ஒவ்வொரு அடிக்கும் துளித் துளியாகப் பொடி உதிர வேண்டும். சாய்வாக அடித்தால் பொடிக்குப் பதில் சில்லு தெறிக்கும். ஓரத்துக்குப் பக்கத்தில் அடிப்பதைத் தவிருங்கள், அதைத் தேய்ப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

கல்லை மணல் மூட்டையின் மேல் முழுசாகப் படுக்க வையுங்கள். இரண்டு முனைகளை மட்டும் தாங்கவிட்டு நடுவில் அடித்தால், மெலிந்த இடத்தில் இரண்டாகிவிடும்.

தேய்ப்பும் மெருகும்

கனமான கண்ணாடித் துண்டின் மேல் 80 எண் சிலிக்கான் கார்பைடு பொடி, கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். கொத்திய குழிகள் எல்லாம் இந்த முதல் கட்டத்திலேயே மறைய வேண்டும். கல் முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிட்டுத் தேயுங்கள், குழி இருக்கிற இடத்தில் பென்சில் அழியாமல் நிற்கும். அது போகும்வரை அடுத்த எண்ணுக்குப் போகாதீர்கள். 120, 220, 400, 600, 1000 என்று ஏறும்போது 220-க்கு மேல் வாட்டர் பேப்பர் போதும். எண் மாறும்போதெல்லாம் கல்லையும் கையையும் கழுவுங்கள். கோடரியின் வாயைக் கூராக்க வேண்டாம், 1 மி.மீ. தட்டையாக விட்டால் யாருக்கும் காயம் படாது, வாயும் உடையாது.

செதுக்கல்

மெருகு முடிந்த பிறகுதான் செதுக்க வேண்டும். பளபளப்பான கறுப்பில் வெட்டிய கோடு தானாகவே வெளிறித் தெரியும், வண்ணமே தேவையில்லை. கல்லின் மேல் வெள்ளை போஸ்டர் கலரை மெல்லிசாகப் பூசி, காய்ந்ததும் பென்சிலில் படத்தை வரையுங்கள். டங்ஸ்டன் கார்பைடு முனையுள்ள கீறியால் கோட்டை லேசாகக் கீறி, வண்ணத்தைக் கழுவிவிட்டு, 1 அல்லது 2 மி.மீ. வைர முனையால் ஆழப்படுத்துங்கள். பேட்டரியில் ஓடும் கருவியையே வாங்குங்கள். தண்ணீரோடு வேலை செய்கிற இடத்தில் மின்கம்பி வேண்டாம். அழுத்தாதீர்கள், சூடு ஏறினால் முனையில் ஒட்டியிருக்கும் வைரத்துகள் உதிர்ந்துவிடும்.

படம் சிறியதாக இருக்கட்டும். ஒரு மீன், ஒரு மான், சில வளைகோடுகள் போதும். முகம் முழுக்கச் செதுக்கி நிரப்பினால் கோடரியின் வடிவம் காணாமல் போய்விடும். அந்த வடிவம்தான் இதன் அழகு.

கடைசியாகத் தேன்மெழுகு. தட்டையான கட்டையில் துணியைச் சுற்றி மேற்பரப்பில் மட்டும் தேயுங்கள். கோட்டுக்குள் மெழுகு போனால் அதுவும் கறுத்து, படம் மங்கிவிடும்.

காம்பு பூட்டுதல்

பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். நானும் அதிக நேரம் நின்றது இங்கேதான். கல்லைச் சுற்றித் துளை இறுக்கமாக இருக்க வேண்டும் என்று தோன்றும், ஆனால் நான்கு பக்கமும் இறுகினால் காம்பு பிளந்துவிடும்.

காரணம் எளிது. வால் பக்கம் குறுகிய கல் ஓர் ஆப்பு. அதன் அகன்ற முகங்கள் துளையின் பக்கச்சுவரைத் தள்ளினால் மரம் நார் ஓடும் திசையிலேயே பிளக்கும். கல்லின் மேல் ஓரமும் கீழ் ஓரமும் துளையின் இரு முனைகளை மட்டும் தள்ளினால், அழுத்தம் நாரின் நீளவாக்கில் போகும், அதை மரம் எளிதாகத் தாங்கும்.

ஆகவே துளை காம்பின் நீளவாக்கில் நீள்சதுரமாக இருக்கட்டும். அந்த இடத்தில் கல் 4 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. தடிமன் என்றால், துளை 4 செ.மீ. நீளம், ஏறக்குறைய 3 செ.மீ. அகலம். இரண்டு முகங்களுக்கும் பக்கத்தில் 2 மி.மீ. சந்து விட வேண்டும். துளை விழும் இடத்தில் காம்பு நன்றாகப் பருத்திருக்கட்டும். துளைப்பானால் குடைந்து, உளியால் சதுரப்படுத்தி, முரட்டு அரத்தால் சரிவு கொடுங்கள்.

கல்லின் வாலில் கரித்தூள் தடவி, துளைக்குள் நுழைத்து, வெளியே எடுத்துப் பாருங்கள். துளையின் இரு முனைகளிலும் கறுப்பு ஒட்டியிருந்தால் சரி. பக்கச்சுவரில் ஒட்டியிருந்தால் அந்த இடத்தை அரத்தால் எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். வால் மறுபக்கம் ஒரு விரல்கடை எட்டிப் பார்த்தால் பார்வைக்கும் நன்றாக இருக்கும்.

சந்தில் மெல்லிய தோல் துண்டு வைக்கலாம். எபாக்ஸி பசை வேண்டவே வேண்டாம். மரம் பருவத்துக்குப் பருவம் சுருங்கி விரியும், கல் அசையாது. பசை இரண்டையும் கட்டிப் போட்டால் பலவீனமான இடம் வெடிக்கும்.

கல்லில் வெளியே தெரிகிற இடத்தில் செய்த ஆண்டைப் பொறித்துவிடுங்கள். பிற்காலத்தில் யாரும் இதைத் தொல்பொருள் என்று நம்பி ஏமாறக்கூடாது. உண்மையான பழைய கற்கோடரி எங்காவது கிடைத்தால் அதில் ஒரு கீறல்கூடப் போடாதீர்கள்.

பின்சேர்க்கை: பலகைக்கல்லில் கொத்தியபோது அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அடுக்குப் பாறைகளைக் கொத்தக்கூடாது. ரம்பத்தால் அறுத்து, தேய்த்து மட்டுமே வடிவம் கொடுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: கரித்தூள் சோதனை சரியாக வந்தும், மாட்டிய பிறகு துளை முனையிலிருந்து விரிசல் ஓடியதாக இருவர் சொன்னார்கள். இருவருமே பச்சை மரத்தில் செய்திருக்கிறார்கள். மரம் காயக் காயச் சுருங்கும், கல் உள்ளே விட்டுக்கொடுக்காது. நன்றாக உலர்ந்த மரத்தை எடுத்து, மாட்டப்போகும் அறையிலேயே சில வாரம் போட்டு வைத்து, அதன் பிறகு துளையிடுங்கள். காம்பின் இரு வெட்டு முனைகளிலும் மெழுகு தேய்த்தால் ஈரம் சட்டென்று ஏறி இறங்காது. ஏசி காற்று நேராகப் படுகிற சுவரையும் தவிர்த்துவிடுங்கள்.