இலங்கையின் கடல் எல்லையை வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு மாணவி வரைபடம் ஒன்றை அனுப்பி, "சேர், சரியா எண்டு ஒருக்கால் பாருங்கோ" என்று கேட்டிருந்தார். இலங்கையைச் சுற்றி நீல நிறத்தில் அழகான ஒரு வளையம். பதினெட்டு வருடங்களுக்கு முன் அதே வளையத்தை நானும் வரைந்தவன்தான். தரை மைலையும் கடல் மைலையும் குழப்புவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் யாராவது பார்த்துத் திருத்திவிடுவார்கள். யார் கண்ணிலும் படாமல் அச்சுவரை போகிற தவறுகளைப் பற்றியே இங்கே சொல்கிறேன்.

தீவைச் சுற்றி 12 கடல் மைல் வளையம்

ஒரு நாட்டின் ஆள்புலக் கடல், அதாவது அந்த நாட்டின் ஆட்சிக்கு உட்பட்ட கடல், 12 கடல் மைல் வரை போகலாம். மென்பொருளில் கரையோரக் கோட்டைத் தெரிவு செய்து, பஃபர் (சுற்றிவர விடும் இடைவெளி) 22.2 கிலோமீட்டர், அதாவது 12 கடல் மைல், என்று கொடுத்தால் இரண்டு விநாடியில் வளையம் வந்துவிடும். காலி, மட்டக்களப்புப் பக்கம் பார்த்தால் குறை சொல்ல முடியாது. அதுதான் வினை. வடமேற்கே வாருங்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆளுக்கு 22 என்று பங்கு போட அங்கே கடலே போதாது. உங்கள் வளையம் பாதிக் கடலைத் தாண்டித் தனுஷ்கோடிக்கு அருகே போய் நிற்கும்.

அங்கே எல்லையைத் தீர்மானிப்பது தூரம் அல்ல, ஒப்பந்தம். 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் பாக்கு நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரை ஆறு புள்ளிகளை அகலாங்கு, நெட்டாங்குடன் எழுதிக் கையொப்பமிட்டன. முதற்புள்ளி வடக்கு 10 பாகை 5 கலை, கிழக்கு 80 பாகை 3 கலை. கச்சதீவு இந்தக் கோட்டுக்கு இலங்கைப் பக்கமாக விழுந்தது. மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் 1976 மார்ச்சில் இன்னோர் ஒப்பந்தம் வந்தது. ஆறு புள்ளிகளைத் தட்டி இணைக்கப் பத்து நிமிடம் ஆகாது. அந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கிறார்கள்.

சரி, கோட்டைப் போட்டாயிற்று. இந்தப் பக்கம் உள்ள நீருக்கு என்ன பெயர் எழுதுவது? நான் 'ஆள்புலக் கடல்' என்று எழுதினேன். 1976ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கடல் வலயச் சட்டத்தின் கீழ் 1977 ஜனவரியில் வந்த பிரகடனமோ வேறு சொல்கிறது. பாக்கு நீரிணையிலும் பாக்கு விரிகுடாவிலும் உள்ள வரலாற்று நீர் (நெடுங்காலமாகத் தன்னுடையது என்று நாடு உரிமை கொண்டாடும் கடல்), உள்நாட்டு நீரின் பகுதி. மன்னார் வளைகுடாவின் வரலாற்று நீர், ஆள்புலக் கடலின் பகுதி. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆள்புலக் கடலில் வெளிநாட்டுக் கப்பல் தீங்கு செய்யாமல் கடந்துபோக உரிமை உண்டு. உள்நாட்டு நீரில் பொதுவாக அந்த உரிமை கிடையாது.

என் வரைபடம் ஓர் அறிக்கையின் நடுப்பக்கத்தில் 400 பிரதி அச்சாகிவிட்டது. வெளியீட்டுக்கு முதல் நாள் ஓய்வுபெற்ற கடல் அளவையாளர் ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, தனுஷ்கோடிக்காரர் மீன் பிடிக்க எங்கே போறது?" என்று கேட்டார். இரவு முழுக்க இருந்து 400 பிரதிகளிலும் புதுத்தாள் ஒட்டினோம். அச்சுக்கூலி என் சம்பளத்தில் போனது. இப்போதும் அந்த நீல வளையத்தைக் கண்டால் பசை மணக்கிறது.

200 மைலும் எங்கள் நாடு

இல்லை. அரசியலமைப்பின் 5ஆம் உறுப்புரை 25 நிர்வாக மாவட்டங்களையும் ஆள்புல நீரையும்தான் நாட்டின் ஆள்புலம் என்கிறது. 200 கடல் மைல் வரை போகும் பிரத்தியேகப் பொருளாதார வலயத்தில் மீனும் எண்ணெயும் எங்களுக்கு; கப்பல் ஓட்டும் சுதந்திரம் எல்லோருக்கும். (மாவட்டம் 24 என்று எழுதியிருந்தால் பழைய பிரதியைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கிளிநொச்சிக்காக 1983இல் ஏழாம் திருத்தம் வந்து 25 ஆனது.)

கரையிலிருந்து அளப்பது

அளக்க வேண்டியது அடிப்படைக் கோட்டிலிருந்து. பொதுவாக அது கடல் வற்றி நிற்கும்போது தெரியும் கரைக்கோடு. செயற்கைக்கோள் படத்தில் தெரிவது எந்த நேரத்துக் கரையோ!

இலங்கையைத் தீவுக்கூட்ட நாடு (முழுக்கத் தீவுக்கூட்டங்களால் ஆன நாடு) என்பது

மாலைதீவு அப்படி. இலங்கை அல்ல. 1982 கடற்சட்ட சாசனப்படி வெளித்தீவுகளை இணைத்துக் கோடு போட வேண்டுமென்றால், உள்ளே அகப்படும் நீர் நிலத்தின் அளவுக்காவது இருக்க வேண்டும். ஒன்பது மடங்கைத் தாண்டவும் கூடாது. நெடுந்தீவையும் நயினாதீவையும் எப்படி இணைத்தாலும் இங்கே நிலம்தான் மிஞ்சும்.

கடலடியும் 200 மைலோடு முடிந்தது என்பது

வங்காள விரிகுடாவின் தென்பகுதிக் கண்டமேடைக்கு (கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் நிலத்துக்கு) அந்த சாசன மாநாட்டிலேயே தனி ஏற்பாடு செய்தார்கள். வண்டல் எவ்வளவு தடிப்பு என்பதை வைத்து எல்லை வரும். இலங்கை 2009 மே மாதம் ஐ.நா. ஆணைக்குழுவிடம் தன் கோரிக்கையைக் கொடுத்தது. அதை வரைவதென்றால் புள்ளிக்கோடாக வரைந்து, 'கோரப்பட்டது' என்று பக்கத்தில் எழுதுங்கள்.

மாணவிக்கு ஆறு புள்ளிகளையும் அனுப்பினேன். நேற்றுத் திருத்திய வரைபடம் வந்தது. அகலாங்கும் நெட்டாங்கும் இடம் மாறி, பாக்கு நீரிணை எல்லை நோர்வேயின் ஸ்வால்பார்ட் பக்கம் பனிக்கடலில் கிடக்கிறது.