முதல் டைனோசிஸ்டை விவரித்து எழுதுவது எப்படி?

டைனோசிஸ்ட் என்பது டைனோஃபிளாஜெல்லேட் என்ற நீர்வாழ் ஒருசெல் உயிர் உறங்கும் கூடு; பாறைகளில் புதைபடிவமாகக் கிடைக்கும். நுண்ணோக்கியில் ஒன்று சிக்கியதும் கண் முதலில் அதன் முட்களின் மேல்தான் போகும். அங்கே தொடங்க வேண்டாம். 1830களில் ஜெர்மன் அறிவியலாளர் எஹ்ரன்பெர்க் சக்கிமுக்கிக் கல்லின் மெல்லிய சில்லுகளில் இவற்றைக் கண்டார். அதன்பின் நூறாண்டுக்கு மேல், முள்ளுள்ள உருண்டைகளை எல்லாரும் ஒரே குவியலாகத்தான் வைத்திருந்தார்கள். 1961இல் அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் எவிட் அவற்றில் பலவற்றின் சுவரில் ஒழுங்கான ஒரு திறப்பைக் கவனித்தார். அது, கூட்டுக்குள் உறங்கிய டைனோஃபிளாஜெல்லேட் செல் வெளியேறிய வாசல். பெயர் ஆர்க்கியோபைல். நாமும் அதைத்தான் தேடப்போகிறோம்.

முதலில் ஸ்லைடு. கூட்டின் சுவர் அமிலத்துக்குக் கரையாது. அதனால்தான் பாறையை ஹைட்ரோகுளோரிக், ஹைட்ரோஃபுளோரிக் அமிலங்களில் கரைத்து இதைப் பிரிக்கிறார்கள். இரண்டாவது அமிலம் உயிரையே பறிக்கும். பயிற்சி பெறாமல் தொடாதீர்கள்; தயார் ஸ்லைடு வாங்கிப் பழகுங்கள்.

அடுத்து திசை. இடுப்பில் வார் கட்டியதுபோல் ஒரு பள்ளம் சுற்றிவரும்: சிங்குலம். அதன் இரு முனைகளும் வந்து சேரும் நெடும் பள்ளம் சல்கஸ். அது இருக்கும் பக்கம் வயிற்றுப்புறம். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். முதுகுப்புறம் உங்களை நோக்கி இருக்கும்போது குவியத்தைக் கீழே இறக்கினால், வயிற்றுப்புறத்தை உள்ளிருந்து பார்க்கிறீர்கள். இடவலம் மாறித் தெரியும். எனவே ஒவ்வொரு படத்திலும் ‘மேல் குவியம்’, ‘கீழ் குவியம்’ என்று அப்போதே குறித்துவிடுங்கள். மறுநாள் நினைவிருக்காது.

சரி, இப்போது வாசல். செல்லின் மேலுறை தகடுகளாகப் பிரிந்திருக்கும்; கூட்டின் சுவரும் பல வகைகளில் அதே அமைப்பைக் காட்டும். எந்தத் தகடு கழன்றிருக்கிறது? சிங்குலத்துக்கு மேல் வரிசையில், முதுகுப்புறத்தில் ஒரு தகடு மட்டும் இல்லையென்றால் ஸ்பினிஃபெரைட்டிஸ் பேரினம் போன்ற, கோனியாலக்காய்டு என்ற பெரும் பிரிவைச் சேர்ந்த வகையாக இருக்கலாம். உச்சித் தகடுகள் மொத்தமாகக் கழன்றிருந்தால் ஒலிகோஸ்ஃபெரிடியம் போன்றவற்றோடு ஒப்பிடுங்கள். உச்சிக்கும் அந்த வரிசைக்கும் இடைப்பட்ட தகடு போயிருந்தால் டிஃப்லாண்ட்ரியா போன்றவை அடங்கிய பெரிடினியாய்டு என்ற இன்னொரு பெரும் பிரிவின் பக்கம் தேடுங்கள்.

அப்புறம்தான் முட்கள். நீளத்தைவிட அவை நிற்கும் இடம் முக்கியம். ஸ்பினிஃபெரைட்டிஸில் தகடுகள் சந்திக்கும் மூலைகளில் நிற்கும் முள் நுனியில் மூன்றாகப் பிரியும். இரு மூலைகளுக்கு நடுவே, எல்லைக்கோட்டின் மேல் முள் இருந்தால் இரண்டாகப் பிரியும். ஒலிகோஸ்ஃபெரிடியத்தில் தகட்டுக்கு ஒரு முள், தகட்டின் நடுவில். சிங்குலத்தில் முள்ளே கிடையாது. சட்டென்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி முள் பந்துதான்!

முட்களை விட்டு உடலை அளந்து, முள் நீளத்தைத் தனியாக எழுதுங்கள். ஒன்றோடு நிறுத்தாமல் பலவற்றை அளந்து சிறியது, சராசரி, பெரியது என்று கொடுங்கள்.

வாசல் தெரியவில்லையென்றால் ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். தகட்டுக் கோடும் இல்லை, வேறு அடையாளமும் இல்லை என்றால் அதை அக்ரிடார்க், அதாவது எந்த உயிரினுடையது என்று தெரியாத நுண்புதைபடிவம், என்று வையுங்கள். எவிட் 1963இல் அந்தப் பிரிவை முன்வைத்தது இதற்காகத்தான். கடைசியாக, ஸ்லைடு எண்ணையும் நுண்ணோக்கி மேடையில் கூடு இருக்கும் இடத்தைக் காட்டும் அளவுகோல்களின் இரு எண்களையும் எழுதி வையுங்கள். இன்னொருவர் அதே கூட்டை மறுபடி கண்டுபிடிக்க வேண்டும்.