வண்டித்தட வழக்கில் சங்கதிகளை மெய்ப்பிக்கும் முறை: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

பக்கத்துத் தோட்டக்காரர், தம் நிலத்தின் வழியே நாங்கள் போய்வரும் வண்டித்தடத்தின் குறுக்கே வேலி போட்டுவிட்டார் என்ற முறையீட்டோடு கோபிசெட்டிபாளையத்திலோ தாராபுரத்திலோ வழக்கறிஞரை நாடுவோர், பட்டா, சிட்டா, அடங்கல், வரி ரசீது என்று வீட்டில் இருக்கும் காகிதங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வருவது வழக்கம். அவற்றுள் பெரும்பாலானவை தோட்டம் யாருடைய அனுபவத்தில் இருக்கிறது என்பதைக் காட்டுமேயன்றி, தடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லா. எந்தச் சங்கதிக்கு எந்தச் சான்று என்பதை வழக்குரை (வழக்குத் தொடுப்பவர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் மனு) எழுதும் முன்பே பொருத்திக்கொள்ளும் முறையை, கற்பனையான ஒரு வண்டித்தட வழக்கைக் கொண்டு கீழே விளக்குகிறேன்.

படி 1: உரிமையின் அடிப்படையை முடிவு செய்யுங்கள்

மெய்ப்பிக்க வேண்டிய சங்கதிகள் எவை என்பது இதைப் பொறுத்தே அமையும். கிரயப் பத்திரத்தில் செக்குபந்திக்கு (நான்கெல்லை விவரத்துக்கு)ப் பிறகு ‘மாமூல் வண்டித்தடப் பாத்தியம்’, அதாவது வழக்கமான வண்டித்தட உரிமை, என்று எழுதியிருப்பதைப் பார்த்தவுடன் பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் உங்களுக்கு விற்றவர் தம் பத்திரத்தில் எழுதிக்கொடுத்தது மட்டுமே, அந்தப் பத்திரத்தில் தொடர்பில்லாத எதிராளியின் நிலத்தைக் கட்டுப்படுத்திவிடாது. இரண்டு தோட்டங்களும் ஒரே குடும்பச் சொத்தாக இருந்து பிரிந்தவை என்றால் அந்தப் பாகப்பிரிவினைப் பத்திரத்தையும், எதிராளியின் மூலப் பத்திரத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் எடுத்துப் பாருங்கள். அதே தடம் அங்கும் சொல்லப்பட்டிருந்தால் உங்கள் வழக்கில் பாதி வேலை முடிந்தது.

பத்திர ஆதாரம் இல்லையென்றால், பிறர் நிலத்தின் வழியே போய்வருவது போன்ற உரிமைகளைப் பற்றிய 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, அமைதியாகவும் வெளிப்படையாகவும் உரிமையுடனும் (பிறர் அனுமதியால் அல்லாமல்) இடையூறின்றி 20 ஆண்டுகள் தடத்தை அனுபவித்ததைக் காட்ட வேண்டும். அந்த அனுபவம் வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் முடிந்ததாகவும் இருக்க வேண்டும். வேலி போட்ட பிறகு பஞ்சாயத்து பேசியே காலத்தைக் கழிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

படி 2: சங்கதிகளைப் பிரித்து எழுதுங்கள்

தடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அகலம் எவ்வளவு, எப்போதிருந்து யார் யார் போய்வந்தார்கள், எந்த நாளில் அடைக்கப்பட்டது என்பவற்றைத் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே சான்றைக் குறியுங்கள். இவை வழக்குரையிலும் இடம்பெற வேண்டும். அங்கே சொல்லாத ஒன்றுக்குப் பின்னாளில் சாட்சியம் கொடுத்தால் நீதிமன்றம் அதை ஏற்காது. எதிராளி ஒப்புக்கொண்டவற்றுக்குச் சான்று தேவையில்லை.

படி 3: ஆவணங்களும் ஒளிப்படங்களும்

நீங்கள் சான்றாகச் சார்ந்திருக்கும் ஆவணங்களை வழக்குரையுடனேயே தாக்கல் செய்ய வேண்டும். ஓர் ஆவணம் நீதிமன்றத்தில் சான்றாவணமாக எண் இடப்பட்டுக் குறியீடு பெற்றுவிட்டதாலேயே அதன் உள்ளடக்கம் மெய்ப்பிக்கப்பட்டதாகிவிடாது. கைப்பேசியில் எடுத்த படங்களுக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதன் ஒரு பகுதியைச் சான்றை முன்வைக்கும் தரப்பும் மற்றொரு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும்.

தரையில் உள்ள நிலையைக் காட்ட, வழக்கறிஞர் ஆணையரை (நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பும் வழக்கறிஞரை) நியமிக்கக் கோரி மனுச் செய்யுங்கள். தடத்தின் அளவு, டயர்ச் சுவடு, வெட்டப்பட்ட கிளுவை வேலி ஆகியவற்றை அவர் பதிவு செய்வார். 20 ஆண்டுகளாக யார் நடந்தார்கள் என்பதை அவர் சொல்ல முடியாது. அது சாட்சிகளின் வேலை.

படி 4: சாட்சிகள்

தாமே கண்டதைச் சொல்பவரையே அழையுங்கள். ‘எங்க அய்யன் சொல்லுவாங்க’ என்று தொடங்கும் சாட்சியம் செவிவழிச் செய்தியாகத் தள்ளப்படக்கூடும். உறவினர் மூவரைவிட, அந்தத் தடத்தில் டிராக்டர் ஓட்டி மஞ்சள் மூட்டை ஏற்றிவந்த ஒருவரின் சொல்லுக்கு மதிப்பு அதிகம் என்பது என் கருத்து. சாட்சி தம் தரப்புக்காகச் சொல்லும் முதல் விசாரணை, எழுத்துமூலப் பிரமாண வாக்குமூலமாகவே தாக்கலாகும். உண்மையான சோதனை, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேள்வி கேட்கும் குறுக்கு விசாரணையில்தான் வரும். ‘பங்காளி என்பதால் இரக்கப்பட்டுத் தடத்தில் போக விட்டோம்’ என்பதே எதிராளி வைக்கும் வழக்கமான வாதம். அதற்குச் சாட்சி ஆமாம் என்று தலையாட்டினால், உரிமையுடன் அனுபவித்த கதை அங்கேயே அறுந்துவிடும். ஆகவே, அனுமதி கேட்டுப் போனீர்களா, கேட்காமலே போனீர்களா என்பதைச் சாட்சியிடம் முன்னரே விசாரித்து, உண்மை எதுவோ அதை அறிந்துகொள்ளுங்கள்.

படி 5: வாதுரை

உரிமையியல் வழக்கில் ஐயத்துக்கு இடமற்ற நிரூபணம் தேவையில்லை. எது நடந்திருக்கக்கூடியது என்ற சாத்தியக்கூறு உங்கள் பக்கம் சாய்ந்தால் போதும். படி 2இல் எழுதிய பட்டியலை எடுத்து, ஒவ்வொரு சங்கதிக்கும் சான்றாவண எண்ணையும், சாட்சி அதைச் சொன்ன பக்கத்தையும் சேர்த்து எழுத்துமூல வாதுரையாகக் கொடுங்கள்.