அரிய வகை மார்பகப் புற்றுநோய்: ரிப்போர்ட்டில் கண்ணில் படாமல் போகும் வரி

பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் ஈஆர், பிஆர் (புற்றணுவில் உள்ள ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (புற்றை வளரத் தூண்டும் ஒரு புரதம்) பாசிட்டிவா நெகட்டிவா என்றுதான் தேடுகிறார்கள். அதற்கு மேலேயே புற்றின் வகை எழுதியிருக்கும். அரிய வகை என்றால், சிகிச்சையை மாற்றுவது அந்த வரிதான்.

மூன்றும் நெகட்டிவ் என்று பார்த்தவுடன் இடிந்துபோகாதீர்கள். 'அடினாய்டு சிஸ்டிக்' வகையும் பெரும்பாலும் ட்ரிப்பிள் நெகட்டிவ்தான். ஆனால் அது மெதுவாக வளரும், அக்குள் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவது அபூர்வம். பலருக்கு அறுவைசிகிச்சையும் ரேடியேஷனும் போதும், கீமோ தேவைப்படுவதில்லை. அதே ட்ரிப்பிள் நெகட்டிவாக வரும் 'மெட்டாபிளாஸ்டிக்' அப்படியில்லை. வேகமாக வளரும், கீமோவுக்குச் சரியாகக் கட்டுப்படாது. அறுவைக்கு முன்பே கீமோ கொடுத்தால், ஒவ்வொரு சுற்றிலும் கட்டி சுருங்குகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சுருங்காமல் வளர்ந்தால், மிச்சச் சுற்றுகளை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

மிக அதிகமாக ஏமாற்றுவது அழற்சி வகை. கட்டி தட்டுப்படாமலே போகலாம். சில வாரங்களிலேயே மார்பு சிவந்து, கனத்து, தோல் ஆரஞ்சுப் பழத்தோல் போல் குழிகுழியாகும். பால் கட்டிக்கொண்டது, சீழ் வைத்திருக்கிறது என்று ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றிக் கொடுத்தே நாள் கடந்துவிடும். ஒரு கோர்ஸ் முடிந்தும் சிவப்பு முழுதாகக் குறையவில்லையா? ஸ்கேனும், தோலையும் சேர்த்துப் பயாப்ஸியும் எடுத்தே ஆக வேண்டும். பாலூட்டும் தாய் என்பதற்காக இதைத் தள்ளிப்போடுவது எனக்குப் பெரிய தவறாகவே படுகிறது. நோய் உறுதியானதும் 'முதலில் மார்பை எடுத்துவிடுங்கள்' என்று அவசரப்படுவதும் ஆபத்து. முதலில் கீமோ, ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் அதற்குரிய மருந்தும் கூடவே. பிறகு அறுவை, அதன் பிறகு ரேடியேஷன். இந்த வரிசை மாறக் கூடாது.

'மியூசினஸ்' (சளி போன்ற பொருளைச் சுரக்கும் வகை) என்றால் நல்ல வகை என்று சொல்வார்கள். அது கலப்பில்லாத மியூசினஸுக்கு, அதாவது கட்டியில் 90 சதவீதத்துக்கு மேல் அந்த வகையே இருந்தால்தான் பொருந்தும். கலப்பு வகையை மற்ற பகுதியையும் பார்த்துத்தான் எடைபோட வேண்டும்.

'பைலோட்ஸ்' கட்டியைச் சாதாரண ஃபைப்ரோஅடினோமா (புற்றல்லாத மார்புக் கட்டி) என்று நினைத்து அப்படியே தோண்டி எடுத்தால் அதே இடத்தில் திரும்ப வரலாம். பொதுவாக அக்குள் கணுக்களை எடுக்க வேண்டியதில்லை, ஹார்மோன் மாத்திரையாலும் பயனில்லை.

அரிய வகையின் பெயர் ரிப்போர்ட்டில் இருந்தால், சிகிச்சை தொடங்கும் முன் லேபில் ஸ்லைடுகளையும் பாரஃபின் பிளாக்கையும் (மெழுகில் பதித்து வைத்த உங்கள் திசு) கேட்டு வாங்குங்கள். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், வேலூர் சிஎம்சி போல நிறைய புற்றுநோயாளிகளைப் பார்க்கும் இடத்தில் இன்னொரு நோய்க்குறியியல் நிபுணர் (பேத்தாலஜிஸ்ட்) பார்க்கட்டும். ரிப்போர்ட்டின் ஜெராக்ஸை மட்டும் கொண்டுபோனால் அவரால் எதையும் மறுபரிசீலனை செய்ய முடியாது. இதற்குச் சில நாட்கள் ஆகும். அழற்சி வகையிலும் வேகமாக வளரும் கட்டியிலும் மருத்துவரிடம் சொல்லி அவசரமாகச் செய்யுங்கள். மற்றவற்றில் பெரும்பாலும் அந்த அவகாசம் உண்டு.