அறியாத யூஎஸ்பி சாதனத்தைச் செருகும் முன்: மின் ஆபத்தைக் கண்டறியும் செய்முறை

எங்கோ கிடந்த பென்டிரைவைச் செருகாதே என்றால் எல்லோருக்கும் வைரஸ்தான் நினைவுக்கு வருகிறது. "ஆன்டிவைரஸ் இருக்கிறதே" என்று பதிலும் உடனே வந்துவிடும். செருகிய ஓரிரு விநாடியில் மதர்போர்டையே கருக்கிவிடும் சாதனங்கள் இருக்கின்றன. அவற்றிடம் எந்த மென்பொருளின் பாச்சாவும் பலிக்காது. பார்க்க அவை சாதாரண பென்டிரைவ் போலவே இருக்கும்.

2019 பிப்ரவரி 14 அன்று நியூயார்க் மாநிலம் ஆல்பனியில் அப்போது இயங்கிய செயின்ட் ரோஸ் கல்லூரியில் முன்னாள் மாணவர் ஒருவர் இப்படி ஒன்றைச் செருகிச் செருகி எடுத்தே 66 கணினிகளைப் பாழாக்கினார். இழப்பு 58,000 டாலருக்கு மேல். அவருக்கு 12 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்தச் சாதனத்தின் பெயர் யூஎஸ்பி கில்லர்.

உள்ளே நடப்பது என்ன?

யூஎஸ்பி 2.0 போர்ட்டில் நான்கு முனைகள் உண்டு. ஓரத்தில் இருக்கும் இரண்டில் ஒன்று 5 வோல்ட், மற்றொன்று கிரவுண்ட். நடுவில் இருக்கும் இரண்டும் டேட்டா முனைகள். டேட்டா முனைகளில் 3.3 வோல்ட்டுக்கு மேல் வரவே கூடாது. பல லேப்டாப்களில் அவை நேராக முக்கியச் சிப்புக்கே போகின்றன.

கில்லர் செய்வது இதுதான்: போர்ட் தரும் 5 வோல்ட்டை வாங்கி, உள்ளிருக்கும் சிறு கன்வெர்ட்டர் மூலம் சுமார் 200 வோல்ட்டாக உயர்த்திக் கெப்பாசிட்டர்களில் சேர்க்கிறது. நிறைந்ததும் மொத்தத்தையும் டேட்டா முனைகளில் கொட்டுகிறது. மறுபடி நிரப்பிக் கொட்டுகிறது, விநாடிக்குப் பல முறை.

போர்ட்டில் பாதுகாப்பு டயோடு இருக்குமே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது விரல் பட்டால் வரும் நிலைமின் அதிர்ச்சிக்காக வைத்தது. அதற்கான வழக்கமான சோதனையில் 150 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டரை 8,000 வோல்ட்டுக்கு ஏற்றி விடுவார்கள். கணக்குப் போட்டால் அதில் இருக்கும் ஆற்றல் 5 மில்லிஜூலுக்கும் குறைவு. 200 வோல்ட்டில் நிறைந்த ஒரு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரிலோ 200 மில்லிஜூல், அதாவது நாற்பது மடங்கு. அதுவும் ஒரே அடியோடு நிற்பதில்லை. டயோடு முதலில் போகும், அடுத்த அடி சிப்புக்கு.

இதைக் கண்டுபிடிக்க மலிவான ஒரு சோதனைப் பெட்டியை நீங்களே செய்துகொள்ளலாம்.

தேவையான பொருட்கள்

- நான்கு டபுள்-ஏ செல் பிடிக்கும் பேட்டரி ஹோல்டர்
- ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 4
- ஆன்/ஆஃப் சுவிட்ச் 1
- 500 மில்லிஆம்பியர் ரீசெட்டபிள் ஃபியூஸ் (தானே மீளும் வகை) 1
- முனைகளுக்குப் பெயர் அச்சிட்ட, யூஎஸ்பி-ஏ சாக்கெட் பொருத்திய சிறு போர்டு 1
- நியான் பல்பு 2 (கரண்ட் பார்க்கும் டெஸ்டர் ஸ்க்ரூடிரைவருக்குள் இருக்கும் அதே வகை)
- 100 கிலோஓம் ரெசிஸ்டர் 2
- 10 கிலோஓம், 1 வாட் ரெசிஸ்டர் 1
- மல்டிமீட்டர்

செல் விஷயத்தில் கவனம். சாதாரண ஆல்கலைன் செல் நான்கு போட்டால் 6 வோல்ட்டுக்கு மேல் போய், நல்ல பென்டிரைவும் கெட்டுவிடும். ஆல்கலைன்தான் கையில் இருக்கிறது என்றால் மூன்று செல் ஹோல்டர் வாங்குங்கள், 4.5 வோல்ட் போதும். ரீசார்ஜ் செல்லையும் சார்ஜரிலிருந்து எடுத்த சூட்டோடு போடாதீர்கள், அப்போது ஒவ்வொன்றும் 1.4 வோல்ட் வரை காட்டும். சில மணி நேரம் ஆறவிட்டால் நான்கும் சேர்ந்து 5 வோல்ட் பக்கம் இறங்கிவிடும்.

பவர் பேங்க் இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு? பவர் பேங்குக்குள் கன்ட்ரோல் சிப்பும் லித்தியம் செல்லும் இருக்கின்றன. சோதிக்கப்போகும் பொருள் கெட்டதாக இருந்தால் அடி வாங்குவது அவைதான். செல் ஹோல்டரில் கெட்டுப்போக ஒன்றுமே இல்லை.

படி 1: எதைச் சோதிக்கவே கூடாது

தபாலிலோ கூரியரிலோ, அனுப்பியவர் யாரென்று தெரியாமல் பென்டிரைவ் வந்தால் சோதனைப் பெட்டியிலும் செருகாதீர்கள். 2023 மார்ச்சில் எக்வடோர் நாட்டின் குவாயாகில் நகரில், எக்வாவிசா தொலைக்காட்சியின் செய்தியாளர் ஒருவர் தபாலில் வந்த பென்டிரைவைக் கணினியில் செருகியதும் அது வெடித்தது. முகத்திலும் கையிலும் சிறு காயங்களோடு தப்பினார். அதே நாட்களில் வேறு சில செய்தியாளர்களுக்கும் இதே போன்ற பென்டிரைவ்கள் வந்திருந்தன. வெடிக்க வைப்பதற்கு 5 வோல்ட்டே போதும், அதை உங்கள் பேட்டரிப் பெட்டியும் தரும். இப்படி வந்ததைத் தொடாமல் வைத்துவிட்டுக் காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

இந்தச் செய்முறை வேறு வகைப் பொருட்களுக்கானது: பழைய பொருள் கடையில் வாங்கியது, அலுவலக மேஜை டிராயரில் கிடந்தது, யாரோ மறந்து விட்டுப்போனது.

படி 2: மின்சாரம் தராமல் அளப்பது

பெட்டியின் கம்பிகளை இணைக்கும் முன், போர்டின் சாக்கெட்டில் மட்டும் சாதனத்தைச் செருகுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில், பெரிய ரேஞ்சில் (600 போன்றது) வைத்து 5 வோல்ட் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே பாருங்கள். பிறகு ஒவ்வொரு டேட்டா முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே. எங்கும் 0 தான் வர வேண்டும். தனி அடாப்டரில் ஓடும் ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரித்துத் தரும் பெட்டி) என்றால், அடாப்டரைப் போட்டு, கணினிக்குப் போகும் முனையில் அளவுங்கள். அங்கே 5 வோல்ட் வந்தால் அது மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும் ஹப், வாங்காதீர்கள்.

வோல்ட் 0 என்று உறுதியான பிறகே ஓம் அளவுக்கு மாற்றுங்கள். வோல்ட் இருக்கும் இடத்தில் ஓம் அளந்தால் மீட்டர் போய்விடும். 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே பென்டிரைவ் ஆயிரக்கணக்கான ஓம் காட்டும், எண் மெல்ல ஏறிக்கொண்டும் இருக்கும். ஓரிரு ஓமில் நின்றுவிட்டால் உள்ளே ஷார்ட். குட்டி ஃபேன் போல மோட்டார் உள்ளவை மட்டும் சில ஓம் காட்டுவது இயல்பு.

படி 3: பெட்டியை இணைப்பது

பேட்டரி பிளஸ் கம்பியைச் சுவிட்சுக்கும், சுவிட்சிலிருந்து ஃபியூஸுக்கும், அங்கிருந்து போர்டின் 5 வோல்ட் முனைக்கும் சாலிடர் செய்யுங்கள். மைனஸ் நேராகக் கிரவுண்டுக்கு. ஒரு நியான் பல்போடு ஒரு 100 கிலோஓம் ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்து, டேட்டா பிளஸுக்கும் (போர்டில் D+) கிரவுண்டுக்கும் இடையே போடுங்கள். இன்னொரு ஜோடி டேட்டா மைனஸுக்கு (D-).

நியான் பல்பு ஏன்? சுமார் 60 முதல் 90 வோல்ட் வரும் வரை அது எரியவே எரியாது. முறையான யூஎஸ்பி சாதனம் எதனாலும் அதை எரியவைக்க முடியாது. ஆகவே மின்னினால் சந்தேகத்துக்கே இடமில்லை. இரண்டு போடுவது, ஒரே ஒரு டேட்டா முனையில் மட்டும் அடிக்கும் சாதனமும் தப்பிவிடக் கூடாது என்பதற்காக.

படி 4: மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது

சுவிட்ச் ஆஃபில் இருக்கட்டும். சாதனத்தைச் செருகிவிட்டுக் கையை எடுங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, இரு முனைகளையும் சுவிட்சின் இரு கால்களில் வையுங்கள். இப்போது மின்சாரம் மீட்டர் வழியாகவே போகும், எவ்வளவு இழுக்கிறது என்று தெரியும். மில்லிஆம்பியர் துளையில் வைத்தால் மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போக வாய்ப்பு உண்டு.

கணினி இல்லாமல் சும்மா மின்சாரம் மட்டும் பெறும் பென்டிரைவ் பெரும்பாலும் 0.1 ஆம்பியருக்குள் நிலையாக நிற்கும். எண் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஒரே தாளத்தில் குதித்தால் கெப்பாசிட்டர் நிரம்பிக் காலியாகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அரை ஆம்பியரைத் தாண்டினால் அது பென்டிரைவ் செய்யும் வேலை இல்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் நியானைக் கவனியுங்கள், மின்னல் மங்கலாகவும் கணப்பொழுதிலும் வரலாம்.

மின்னினால் மீட்டர் முனைகளை எடுத்துவிடுங்கள். சாதனத்தின் உலோகத்தைத் தொடாதீர்கள், 200 வோல்ட் இன்னும் உள்ளே இருக்கலாம். 10 கிலோஓம் ரெசிஸ்டரை இடுக்கியில் பிடித்து, ஒவ்வொரு டேட்டா முனையையும் கிரவுண்டோடு பத்து விநாடி இணைத்து வடியவிட்டு, பிறகு கழற்றுங்கள்.

வேலை முடிந்ததும் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கே திருப்புங்கள். மறந்துபோய் அடுத்த முறை அப்படியே வோல்ட் அளந்தால் நேரே ஷார்ட் ஆகும். மீட்டர் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

நியான் மின்னவில்லை என்றால் மட்டும் நிம்மதியடைய முடியாது. சொந்த பேட்டரியோடும், ரிமோட் கட்டளைக்குக் காத்திருக்கும்படியும் செய்த கில்லர்கள் விற்பனையில் உண்டு. அதனால்தான் அடுத்த படி.

படி 5: ஐசொலேட்டர் வழியாக இணைப்பது

யூஎஸ்பி ஐசொலேட்டர் என்ற சிறு போர்டு, இரு பக்கத்துக்கும் இடையே கம்பித் தொடர்பே இல்லாமல் டேட்டாவைக் கடத்தும். ஏடியூஎம்3160 சிப் உள்ளது 2,500 வோல்ட்டும், ஏடியூஎம்4160 உள்ளது 5,000 வோல்ட்டும் தாங்கும் தடுப்பு. அடி விழுந்தால் போர்டின் ஒரு பக்கம் போகும், கணினி தப்பும். சாதாரண ஹப்பை இதற்கு மாற்றாக நினைக்காதீர்கள், அதில் கிரவுண்டும் 5 வோல்ட்டும் அப்படியே தொடர்கின்றன.

இதில் இரண்டு சிக்கல். வேகம் விநாடிக்கு 12 மெகாபிட் மட்டுமே, 1 ஜிபி நகலெடுக்கக் கால் மணி நேரம் போலப் பிடிக்கும். இரண்டாவது, மலிவான போர்டுகளில் இருக்கும் கன்வெர்ட்டர் 1 வாட்தான், 200 மில்லிஆம்பியருக்கு மேல் தராது. எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டு நின்றால் டிஸ்க் கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள், மின்சாரம் போதவில்லை.

மறுமுனையில், போனாலும் பரவாயில்லை என்ற பழைய லேப்டாப்பை இணையம் இல்லாமல் வையுங்கள். பென்டிரைவ் தன்னைக் கீபோர்டு என்று அறிவித்துக்கொண்டால் உடனே கழற்றுங்கள், அது தானே கட்டளைகளைத் தட்டச்சு செய்யப் பார்க்கலாம்.

டைப்-சி கேபிள்களுக்குத் தனியாக

கேபிளும் தெரியாத சாதனம்தான். கூகுள் பொறியாளர் பென்சன் லுங் 2016-இல் ஒரு மலிவான ஏ-டூ-சி கேபிளைச் சோதித்தபோது அவருடைய குரோம்புக் பிக்சல் லேப்டாப் பழுதானது. அந்தக் கேபிளில் 5 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருந்தன. 56 கிலோஓம் இருக்க வேண்டிய இடத்தில் 10 கிலோஓம் ரெசிஸ்டர் இருந்தது. 10 கிலோஓம் என்றால் "3 ஆம்பியர் எடுத்துக்கொள்" என்று அர்த்தம், பழைய போர்ட் அதைத் தாங்காது.

கேபிளின் ஏ முனையை ஒரு போர்டிலும் சி முனையை டைப்-சி சாக்கெட் போர்டிலும் செருகி, மின்சாரம் இல்லாமல் அளவுங்கள். 5 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு ஓமுக்குள், கிரவுண்டுக்குக் கிரவுண்டும் அப்படியே. சி பக்கம் சிசி என்று அச்சிட்ட இரு முனைகளில் ஒன்றுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே 56 கிலோஓம் பக்கம் வர வேண்டும். சி போர்ட் சார்ஜர் என்றால் ஒன்றும் இணைக்காதபோது அதன் 5 வோல்ட் முனை 0 காட்ட வேண்டும், கேட்காமலேயே வோல்ட் வந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

ஏற்கெனவே செருகிவிட்டீர்களா?

"பவர் சர்ஜ்" என்ற எச்சரிக்கையோடு போர்ட் மட்டும் நின்றிருந்தால் சாதனத்தை எடுத்துவிட்டுக் கணினியை முழுதாக அணைத்துச் சில நிமிடம் ஆறவிடுங்கள். பெரும்பாலும் போர்ட்டின் ஃபியூஸ் தானே மீளும். கணினியே அணைந்து மறுபடி வராவிட்டால் திரும்பத் திரும்ப பவர் பட்டனை அழுத்தாதீர்கள். சார்ஜரைப் பிடுங்கி, முடிந்தால் பேட்டரியையும் கழற்றுங்கள். கோப்புகள் இருக்கும் எஸ்எஸ்டி கழற்றக்கூடியது என்றால் அது பெரும்பாலும் தப்பித்திருக்கும், அதை யூஎஸ்பி உறைக்குள் (கேஸ்) போட்டு வேறு கணினியில் இணைத்துக் கோப்புகளை எடுக்கலாம். அந்தப் பென்டிரைவை "கணினிதான் கெட்டதோ" என்று பார்க்க இன்னொரு கணினியில் செருகிவிடாதீர்கள். தாளில் சுற்றி, செருகக் கூடாது என்று எழுதித் தனியே வையுங்கள்.